ஸ்பின்டிலில் இரண்டு மில்லிமீற்றர்

"தம்பி, திருச்சி பிடிச்சுப்போட்டுக் குசினிக்குப் போனால், நான் திரும்பி வாறதுக்கிடையில அது வேற எங்கையோ போய் நிக்குது."

குருநகரில் இருந்து வந்த மாமி தன் றேடியோவின் வருத்தத்தை இப்படித்தான் சொன்னார். ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஏற்கனவே மூன்று இடத்துக்குப் போய் வந்த செற். முதல் கடையில், குமிழைத் திருப்ப முள்ளை நகர்த்துகிற டயல் நூலை மாற்றினார்கள். இரண்டாவது கடையிலும் டயல் நூல்தான் மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில், ஸ்டேசன் பிடிக்கிற கேங் கொண்டென்சர் பழுது, அது இனிக் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்கள்.

கேங்கில் ஒரு பழுதும் இல்லை. நூலிலும் இல்லை. தண்டை நகராமல் பிடிக்கிற, சட்டைப் பொத்தான் அளவு ஈ-கிளிப் ஒன்று அளவு மாறிப் போடப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்தது, கழற்றியது, நடுவில் நான் விட்ட பிழைகள், கடைசியில் திரும்பப் போட்டது எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பழைய றேடியோ திருத்துகிறவர்கள் வால்வைப் பற்றியும் கொண்டென்சரைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவோம். கிளிப்பைப் பற்றிப் பேச்சே வராது. ஆனால் என் மேசைக்கு வந்த செற்றுகளில் முந்திய கை செய்த சேதத்தைத் தேடினால், பெரும்பாலும் யாரோ கிளிப் கழற்றிய இடத்தில்தான் அது கிடக்கிறது.

செற்றும் அதன் வருத்தமும்

1960களின் தொடக்கத்து பிலிப்ஸ், மரப்பெட்டி, ஐந்து வால்வு. ஈசிஎச்81, ஈஎப்89, ஈபிசி81, ஈஎல்84, ஈசெட்80. மீடியம் வேவ் ஒன்று, ஷோர்ட் வேவ் இரண்டு. மாமியின் ஐயா வாங்கியது. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்ற பிறகு வாய் திறக்காமல் கிடந்திருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லோரையும் போல அவர்களும் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் சின்ன ட்ரான்சிஸ்டர் செற்றில்தான் செய்தி கேட்டார்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ற். 230 வோல்ற் கேட்கிற வால்வு செற்றுக்கு அது எந்த மூலைக்கு? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது இதைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது கூரையில் ஒரு பக்கம் ஓடு இல்லை. றேடியோ இருந்தது.

ஆகவே ஈரமும் பண்ணைக் கடலின் உப்புக் காற்றும் இதற்குள் பல வருடம் புகுந்து போயிருக்கின்றன. எந்தக் கிளிப்பைத் தொட்டாலும் துரு.

ஸ்டேசன் விலகிப் போகிறது என்றால் முதலில் பிரித்தறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. வால்வு செற் சூடேறும்போது ஸ்டேசனைப் பிடித்துவைக்கிற ஒசிலேற்றரின் அலைவரிசை கொஞ்சம் நகரும். முதல் கால் மணி நேரம், அதுவும் ஷோர்ட் வேவில், இது எல்லாச் செற்றிலும் உண்டு. அப்போது முள் இருந்த இடத்திலேயே நிற்கும், ஸ்டேசன் மட்டும் போகும். முள்ளும் சேர்ந்து நகர்ந்தால் வருத்தம் மின்சாரத்தில் இல்லை, இயக்கத்தில். இதைப் பார்க்க ஒரு கருவியும் தேவையில்லை. டயல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் காகித ரேப் ஒரு துண்டு ஒட்டி, முள் நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். திருச்சி, 936 கிலோ ஹேர்ட்ஸ். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது முள் கோட்டிலிருந்து 3 மில்லிமீற்றர் தள்ளி நின்றது. முந்திய மூன்று இடத்திலும் ஒருவர் இந்தக் கோட்டைப் போட்டிருந்தால் மாமி என்னிடம் வந்திருக்கத் தேவையில்லை.

உள்ளே

பிளக்கைக் கழற்றிய பிறகும் இந்த வகைச் செற்றின் பெரிய கொண்டென்சரில் 250 வோல்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் ஊடாக இறக்கி, மீற்றரில் சுழியம் வரும்வரை பார்த்த பிறகுதான் கை வைத்தேன்.

குமிழ்கள் திருகாணி இல்லாத வகை. உள்ளே மெல்லிய தகட்டு ஸ்பிரிங் ஒன்று தண்டின் தட்டைப் பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும். இவற்றை ஸ்குரூ டிரைவரால் நெம்பக் கூடாது. நெம்பினால் குமிழ் விளிம்பு தெறிக்கும், அல்லது பெட்டியின் வார்னிஷில் பிறைத் தழும்பு விழும். இந்தப் பெட்டியில் அப்படி இரண்டு தழும்பு ஏற்கனவே இருந்தது. பழைய சாரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீலம் கிழித்து, குமிழின் பின்னால் சுற்றி, இரு முனையையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும். வராவிட்டால் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு இரவு பொறுத்திருக்க வேண்டும்.

பாகங்கள் பூட்டிய உலோகச் சட்டமான சசியை வெளியே எடுத்து, குமிழ் ஏறும் தண்டான ட்யூனிங் ஸ்பின்டிலைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். டக், டக் என்று ஆடியது. அளந்தால் 2 மில்லிமீற்றர். இந்த ஸ்பின்டில் சுழல மட்டும்தான் வேண்டும், நீளவாக்கில் நகரவே கூடாது. அதை அப்படி நிறுத்திவைப்பது அது சுழலும் பித்தளைக் குழலான புஷ்ஷின் முடிவில், தண்டில் வெட்டிய ஒரு சிறு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஈ-கிளிப். ஆங்கில E எழுத்தைப் போலவே வளைவுக்குள் மூன்று பல். மூன்றும் பள்ளத்தின் அடியைத் தொட்டுக் கவ்வ வேண்டும். இங்கே இருந்ததோ விரலால் தட்டினாலே கிலுங்கியது. அதன் ஆட்டத்தை மறைக்க யாரோ பின்னால் இரண்டு வொஷர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று உடைந்து விழுந்து, சசியின் மூலையில் கிடந்தது. முள் நூல் ஓடும் மூன்று சிறு கப்பிகளில் ஒன்றுக்குக் கிளிப்பே இல்லை. செப்புக் கம்பி சுற்றி முறுக்கி விட்டிருந்தார்கள்.

இரண்டு மில்லிமீற்றர் ஆட்டத்துக்கு முள் ஏன் விலக வேண்டும்? டயல் நூல் ஸ்பின்டிலில் மூன்று சுற்றுச் சுற்றி, கேங்கின் பெரிய உருளைக்குப் போகிறது. அந்த மூன்று சுற்றும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தால்தான் நூல் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் அதே அளவு இறங்கும். ஸ்பின்டில் பின்னுக்குப் போனால் நூல் ஒரு சுற்றின் மேல் இன்னொன்றாக ஏறிக் குந்திவிடும். குந்திய இடத்தில் சுற்றளவு கூடும், இழுவை ஏறும். நீங்கள் கையை எடுத்த பிறகு, ஈஎல்84இன் சூட்டிலும் ஸ்பீக்கரின் அதிர்விலும், மேலே ஏறிய சுற்று மெல்லச் சறுக்கிக் கீழே இறங்கும். இறங்கும்போது உருளையையும் ஒரு மயிரளவு இழுத்துக்கொண்டு போகும். மாமி குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில் நடந்தது இதுதான். புது நூலும் அதே தண்டில்தான் சுற்றப்பட்டது. பிறகு எத்தனை நூல் மாற்றினால் என்ன?

அளவு

ஈ-கிளிப்பைத் தண்டின் தடிப்பைப் பார்த்து வாங்கினால் பிழையாகும். அதன் இலக்கம் பள்ளத்தின் அடி விட்டத்தைத்தான் சொல்கிறது. ஜேர்மன் நியமம் டின் 6799இன்படி 5ஆம் இலக்கக் கிளிப் 6 முதல் 8 மில்லிமீற்றர் வரையான தண்டுக்குப் பொருந்தும், கிளிப்பின் தடிப்பு 0.7. 2.3ஆம் இலக்கம் 3 முதல் 4 மில்லிமீற்றர் தண்டுக்கு. மாமியின் செற்றில் தண்டு 6 மில்லிமீற்றர். முந்தியவர் அதைப் பார்த்துவிட்டு 6ஆம் இலக்கத்தைப் போட்டிருக்கிறார். தண்டு ஆறு, கிளிப்பும் ஆறு. பார்க்க நியாயமான கணக்குத்தான், ஆனால் ஒரு முழு மில்லிமீற்றர் பெரிது.

பள்ளத்தின் அடியை அளப்பதில் ஒரு சிக்கல். பள்ளம் 0.8 மில்லிமீற்றர் அகலம், என் வேர்னியர் அளவுகோலின் கத்தி முனை அதற்குள் இறங்கவில்லை. மேசையில் இருந்த ப்றெஸ் பென்சிலில் 0.7 ஈயக்குச்சி இருந்தது. இரண்டு துண்டு உடைத்து, பள்ளத்தின் இரு பக்கத்திலும் எதிரெதிராகப் படுக்கவைத்து, அவற்றின் மேல் வேர்னியரை மெல்ல மூடினேன். 6.3 என்று வந்தது. இரண்டு குச்சிக்கு 1.4 கழித்தால் 4.9. ஆக 5ஆம் இலக்கம். குச்சி சட்டென்று நொறுங்கும், எனக்கு மூன்றாவது தடவைதான் சரிவந்தது. 0.5 குச்சி இதற்கு உதவாது, ஏனென்றால் அது தண்டின் மேற்பரப்புக்குக் கீழேயே நின்றுவிடும், வேர்னியர் தண்டைத்தான் அளக்கும்.

கிளிப் தேடி நான் கடைக்குப் போகவில்லை. வீதியோரம் எறியப்படுகிற பழைய பிறின்டரிலும் போட்டோக்கொப்பி மெஷினிலும் உருளைகளின் முனையைப் பாருங்கள், 5உம் 6உம் நிறைய இருக்கும். கசெற் டெக்கில் 1.5இல் இருந்து 2.3 வரை கிடைக்கும். இரண்டு பழைய பிறின்டரைப் பிரித்தால் பல வருடத்துக்குப் போதும், அத்தனையும் இன்னும் துருப்பிடித்திராத நல்ல ஸ்பிரிங் உருக்கு. அலுமினிய வளையம் வெட்டியோ கொண்டை ஊசியை வளைத்தோ போடுவதைவிட இந்தப் பாடு எவ்வளவோ மேல்.

கழற்றல், தொலைத்தல்

ஈ-கிளிப் எந்தப் பக்கம் பாயும் என்பது முன்கூட்டியே தெரிந்த விசயம். திறந்த வாயின் இரு நுனியையும் தள்ளினால் அது முதுகுப் பக்கமாகத்தான் போகும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு விரலோ துணியோ இருக்க வேண்டும். சிறிய தட்டை ஸ்குரூ டிரைவரை வாய்ப் பக்கப் பல்லுக்கும் தண்டுக்கும் இடையில் நுழைத்து, நெம்பாமல் மெல்லத் திருகினால் கிளிப் ஒரு பக்கம் விலகும். பிறகு மறுபக்கம். இதற்கு முன் தையல் நூல் ஒன்றைக் கிளிப்பின் இடைவெளியில் கோத்து முடிச்சுப் போட்டு, மறுமுனையைச் சசியில் கட்டிவிட்டால், பாய்ந்தாலும் நூலில் தொங்கும்.

ஸ்பின்டில் கிளிப்புக்கு இதையெல்லாம் செய்தேன். கப்பிக் கிளிப்பில் செய்யவில்லை. இரண்டாவது கப்பியின் பழைய கொழுப்பு பிசின் போல இறுகியிருந்ததால், துடைப்பதற்காக அதன் கிளிப்பைக் கழற்றப் போனேன். இருட்டிவிட்டிருந்தது, அவசரம். நூல் கட்டவில்லை. ஸ்குரூ டிரைவரைத் திருகியதும் 'டிங்' என்று ஒரு சத்தம், கிளிப்பைக் காணவில்லை.

2.3ஆம் இலக்கக் கிளிப் என்றால் ஒரு மிளகை நசுக்கிய அளவுதான். இரண்டு மணி நேரம் நிலத்தில் தேடினேன். ரோச் லைற்றை நிலத்தோடு படுக்கவைத்து அடித்தால் சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும், அப்படியும் பார்த்தேன். காந்தத்தைச் சீலையில் கட்டி இழுத்துப் பார்த்தேன். கூட்டியள்ளி, குப்பையைக் கடதாசியில் கொட்டிக் கிளறினேன். கிடைத்தது ஒரு ஊசி மட்டும். கடைசியில், ஆஸ்பத்திரி வீதியில் ஒரு காலம் கடை வைத்திருந்த அண்ணைக்குப் போன் எடுத்தேன். இப்போது பார்வை மங்கியதால் அவர் வேலை செய்வதில்லை.

"நிலத்தைத் தேடினது காணும். ஸ்பீக்கரின்ர முதுகைப் பாத்தனீரோ?"

"இல்லை அண்ணை, ஸ்பீக்கர் அங்கால பெட்டியோட எல்லோ கிடக்கு."

"எவ்வளவு அங்கால?"

"ஒரு முழம் வரும்."

"கிளிப் எண்டது இரும்பு. பறக்கேக்கை காந்தத்தைக் கண்டால் அதோடதான் ஒட்டும். போய்ப் பாரும்."

ஸ்பீக்கரின் காந்தத்துக்கும் அதன் இரும்புச் சட்டத்துக்கும் இடையில், துரு நிறத்தோடு துரு நிறமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லில் அடக்க முடியாது. அதோடு சேர்ந்து ஒரு பயமும் வந்தது. அது பெட்டிக்குள் பாயாமல் சசியின் அடிக்குப் போயிருந்தால்? ஈசெட்80இன் சொக்கற்றில் இரண்டு காலுக்கு நடுவே விழுந்து, நான் தெரியாமல் பிளக்கைக் குத்தியிருந்தால்? ரெக்ரிபயர் வால்வும் ட்ரான்ஸ்போமரும் ஒரு நொடியில் போயிருக்கும். கேங்கின் தகடுகளுக்கு இடையில் விழுந்திருந்தால் தகடு வளைந்து, மூன்றாவது கடைக்காரர் சொன்னது உண்மையாகியிருக்கும்.

தட்டாதெருப் பக்கம் நகை வேலை செய்கிற தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். வேலைக்கு இருக்கும்போது பலகைக்கும் மடிக்கும் நடுவே ஒரு துணியைத் தொட்டில் போல விரித்துக்கொள்வார், பொன் துகள் ஒன்றும் நிலத்துக்குப் போகாது. இப்போது என் மேசை விளிம்பிலும் பழைய வெள்ளை வேட்டி ஒன்று தொங்குகிறது. ஒரு பக்கம் மேசையில் குத்தி, மறுபக்கம் இடுப்பில் சொருகிக்கொள்கிறேன். ஸ்பீக்கரின் முதுகை ஒரு சீலையால் மூடிவிடுகிறேன். கழற்றியவற்றை முட்டைத் தட்டில் குழிக்கு ஒன்றாக, கழற்றிய ஒழுங்கில் போடுகிறேன். குழி எண்ணிக்கை சரிவராமல் மின்சாரம் கொடுப்பதில்லை.

தேசிக்காய்ப் புளி

டயல் கண்ணாடியை நான்கு வளைவுக் கிளிப் பிடித்திருந்தது. இரண்டில் துரு மிக மோசம். வீட்டில் பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளியும் தேசிக்காயும் போடுகிற பழக்கத்தில், அந்த இரண்டையும் தேசிக்காய்ப் புளியில் ஒரு இரவு ஊறவைத்தேன். காலையில் வெள்ளி போல இருந்தன. கண்ணாடியை இடது கையில் தாங்கிக்கொண்டு முதல் கிளிப்பை அழுத்தினேன். வளைவில் சுள்ளி முறிவதுபோலப் 'பட்' என்று முறிந்தது. கண்ணாடி கையில் இருந்ததால் தப்பியது. அது போயிருந்தால் கொழும்பு, டெல்லி என்று பெயர் எழுதிய அந்தக் கண்ணாடிக்கு இந்த ஊரில் எங்கே போவது?

சாதாரண இரும்பாக இருந்தால் புளி இப்படி முறியவைத்திருக்காது. இது கடினப்படுத்திய ஸ்பிரிங் உருக்கு. அமிலம் துருவைத் தாண்டி அடியில் இருக்கிற உருக்கைத் தின்னும்போது ஐதரசன் பிறக்கிறது. அதில் ஒரு பங்கு உருக்குக்குள் நுழைந்து அதை நொறுங்கவைக்கிறது. போதாததற்கு, துரு அரித்த குழிகள் முறிவதற்கு இடமும் காட்டிக் கொடுக்கின்றன. முறியாத மற்றதையும் நான் நம்பவில்லை. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, உடைந்த செற் ஒன்றில் இருந்து அதே வகையை எடுத்தேன். அவற்றை மண்ணெண்ணெயில் ஒரு நாள் போட்டு, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி. நிறம் கறுப்பாகவே இருக்கிறது, இருக்கட்டும்.

கிளிப் கண்ணாடியைத் தொடும் இடத்தில் இருந்த ரப்பர் உறை பொடியாகிப் போயிருந்தது. சைக்கிள் கடையில் வால்வு ரியூப் என்று கேட்டால் தருகிற மெல்லிய ரப்பர்க் குழாய், கால் அங்குலத் துண்டுகளாக வெட்டினால், அந்தக் கிளிப்புக்கென்றே செய்ததுபோல ஏறுகிறது. கண்ணாடியின் பின்பக்க எழுத்தை நான் ஸ்பிரிற்றாலோ சவர்க்காரத்தாலோ தொடவில்லை, தொட்டால் பெயின்ற் கையோடு வந்துவிடும்.

திரும்பப் போடுதல்

ஸ்பின்டில் கிளிப்பைப் போடுவதற்கு முன் ஒரு விசயம் பார்க்க வேண்டும். தகட்டில் அடித்து வெட்டியதால் ஈ-கிளிப்பின் ஒரு முகம் மழுங்கியும் மறுமுகம் கூராகவும் இருக்கும். நகத்தால் விளிம்பை வருடினால் தெரியும். மழுங்கிய முகம் வொஷரைப் பார்க்க வேண்டும், கூர் முகம் வெளியே. ஸ்பின்டிலைத் தள்ளும்போது கூர் விளிம்பு பள்ளத்தின் சுவரைக் கவ்விப் பிடிக்கும். மாறிப் போட்டால் மழுங்கிய விளிம்பு சுவரில் ஏறி வழுக்கிக் கழன்றுவிடலாம்.

புஷ்ஷை மண்ணெண்ணெயால் கழுவி, ஒரு துளி எண்ணெய் விட்டு, ஒரே ஒரு மெல்லிய வொஷர் போட்டேன். கிளிப்பின் முதுகில் கொஞ்சம் கிறீஸ் தடவினால் குறட்டின் வாயில் ஒட்டி நிற்கும். வாயைப் பள்ளத்துக்கு நேரே பிடித்து, முதுகை மெல்லத் தள்ள, ஒரு சின்ன 'டிக்'. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் மூன்றாவது பல் இறங்கவில்லை. இறங்கிய பிறகு ஊசி முனையால் தள்ளினால் கிளிப் கொஞ்சம் இறுக்கத்தோடு சுழல வேண்டும், கிலுங்கக் கூடாது. கையால் ஒருபோதும் விரித்துப் போட வேண்டாம். ஒரு தடவை அளவுக்கு மிஞ்சி விரிந்த கிளிப் திரும்பிச் சுருங்காது. சுருங்கியது போலத் தெரிந்தாலும் பிடி போய்விடும்.

ஆட்டம் இப்போது 0.2 மில்லிமீற்றருக்கும் குறைவு. செப்புக் கம்பி இருந்த கப்பிக்குக் கசெற் டெக்கில் இருந்து ஒரு 2.3. காந்தத்தில் கண்டெடுத்தது தன் பழைய இடத்துக்கே போனது. டயல் நூலை நான் மாற்றவில்லை, இரண்டாவது கடையில் போட்ட நூல் நல்ல நூல். மூன்று சுற்றையும் ஒழுங்காகப் படுக்கவைத்தேன், அவ்வளவுதான்.

அதே காகித ரேப், அதே பென்சில் கோடு. 936இல் வைத்துவிட்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டேன். இரவு தூத்துக்குடி 1053க்குத் திருப்பி இன்னும் இரண்டு மணி நேரம். முள் கோட்டின் மேலேயே நின்றது.

மாமி வந்து குமிழைத் திருப்பிப் பார்த்தார். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை ஒரு தரம், திரும்ப ஒரு தரம். "ஐயா இருக்கேக்கை இப்பிடித்தான் பஞ்சு மாதிரித் திரும்பும்" என்றார். பெட்டியின் அடிப்பலகைக்கு வெளியே ஒரு தீப்பெட்டியை ரேப்பால் ஒட்டி அனுப்பினேன். அதற்குள் 5ஆம் இலக்கக் கிளிப் ஒன்று, 2.3 இரண்டு. மூடியின் மேல், "ட்யூனிங் ஸ்பின்டில், பள்ளம் 4.9, கிளிப் 5. ஆறு போடவேண்டாம்" என்று எழுதியிருக்கிறேன்.